யு.ஏ.எஸ்.பி. தொட்டியில் குருணை கட்டாதது ஏன்?

கேள்வி இது. சேலம் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலை. 300 கன மீட்டர் கொள்ளளவும் 5 மீட்டர் நீர் ஆழமும் உள்ள யு.ஏ.எஸ்.பி. தொட்டி, அதாவது கழிவுநீரைக் கீழிருந்து மேலாகக் கசடுப் படுகை வழியே விட்டுக் காற்றில்லாமல் சுத்திகரிக்கும் தொட்டி. ஒரு நாளைக்கு 300 கன மீட்டர் கழிவுநீர் வருகிறது, சி.ஓ.டி. (நீரில் உள்ள மாசை, அதை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜனாக அளக்கும் எண்) லிட்டருக்கு 4,000 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. சாணக் கரைசலை ஊற்றித் தொடங்கி ஐந்து மாதம் ஆகிவிட்டது. எரிவாயு வருகிறது. ஆனால் உள்ளே இருக்கும் கசடு இன்னும் கறுப்புச் சேறாகவே இருக்கிறது. நுண்ணுயிர்கள் திரண்டு உண்டாகும், படங்களில் காட்டும் உருண்டையான குருணைகளைக் காணோம். நீரோடு வெளியேறும் கசடைத் தினமும் பம்ப் வைத்துத் திரும்பத் தொட்டிக்குள்ளேயே விடுகிறார்கள். குருணை கட்ட என்ன மருந்து சேர்ப்பது, இல்லையென்றால் வெளியிலிருந்து வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து எதுவும் வேண்டாம். வெளியேறும் கசடை உள்ளே விடுவதை நிறுத்துங்கள். குருணை கட்டாமல் இருப்பதற்கு அதுதான் முதல் காரணம். தண்ணீர் மேலேறும் வேகம் போதாதது இரண்டாவது காரணம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். குருணையை நாம் செய்ய முடியாது; எது தொட்டியில் தங்கலாம், எது போகலாம் என்பதை மட்டும்தான் நாம் தீர்மானிக்க முடியும். அந்தத் தீர்மானம் சரியாக இருந்தால் நுண்ணுயிர்கள் தாமாகத் திரண்டு உருளும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் புரியாமல், மாதக்கணக்கில் வளர்த்த கசடு வெளியே போவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது எந்த ஆப்பரேட்டருக்கும் கஷ்டம்.

காற்றில்லாத தொட்டியில் வேலை ஒரே நுண்ணுயிரால் நடப்பதில்லை. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது ஒரு கூட்டம். சர்க்கரையைப் புளிக்கவைத்து அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுவது அடுத்த கூட்டம். புரோபியோனிக்கையும் பியூட்டிரிக்கையும் அசிட்டேட்டாகவும் ஹைட்ரஜனாகவும் உடைப்பது இன்னொன்று. கடைசியில் அசிட்டேட்டையும் ஹைட்ரஜனையும் மீத்தேனாக்கும் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியா அல்லாத தனி வகை நுண்ணுயிர்கள்). வெளியே வரும் மீத்தேனில் ஏறத்தாழ 70 சதவீதம் அசிட்டேட் வழியாகத்தான் வருகிறது. சிக்கலும் அங்கேதான். அமிலம் தயாரிக்கும் பாக்டீரியா சில மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிடும். அசிட்டேட்டை உண்ணும் மெத்தனோத்ரிக்ஸ் (மெத்தனோசீட்டா என்றும் எழுதுவார்கள்) இரண்டு மடங்காக நான்கு நாள் முதல் ஒன்பது நாள் வரை எடுத்துக்கொள்ளும். உங்கள் தொட்டியில் நீர் தங்கும் நேரம் ஒரே ஒரு நாள். நீரோடு நீராக மிதந்துகொண்டிருந்தால் அது பெருகுவதற்கு முன்பே வெளியே போய்விடும். ஆக, தண்ணீர் ஒரு நாளில் வெளியேறினாலும் நுண்ணுயிர் மாதக்கணக்கில் உள்ளேயே தங்க வேண்டும். யு.ஏ.எஸ்.பி. என்ற அமைப்பே இந்த ஒரு தேவைக்காக உருவானது.

தனித்தனி நுண்ணுயிராக இருந்தால் அது தங்காது. ஒரு மைக்ரான் குறுக்களவுள்ள ஒற்றைச் செல் அசையாத நீரில் ஒரு நாள் முழுக்க அமிழ்ந்தாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறங்கும். அமிழும் வேகம் குறுக்களவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதனால்தான் கோடிக்கணக்கான செல்கள் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் குருணையாகும்போது கதையே மாறிவிடுகிறது. நல்ல குருணை மணிக்கு 20 முதல் 80 மீட்டர் வேகத்தில் அமிழும். யு.ஏ.எஸ்.பி.யில் தண்ணீர் மேலேறுவது மணிக்கு அரை மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரைதான். அந்த ஓட்டத்துக்குக் குருணை அசைந்து கொடுக்குமே தவிர மேலே போகாது.

இதைக் கண்டுகொண்ட கதையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது உங்களுடையதைப் போலவே சீசனுக்கு ஓடும் ஒரு ஆலையில் நடந்தது. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் காட்ஸே லெட்டிங்கா 1970களின் தொடக்கத்தில் காற்றில்லாச் சுத்திகரிப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். அப்போது கல்லோ பிளாஸ்டிக்கோ நிரப்பி, அதில் நுண்ணுயிர் ஒட்டி வளர, கீழிருந்து மேலாகக் கழிவுநீரை விடும் வடிகட்டி முறை புழக்கத்தில் இருந்தது. அதில் பெரும்பாலான வேலை அடியில் தேங்கிய கசடிலேயே நடந்துவிடுகிறது, நிரப்பிய பொருளுக்குப் பெரிய பங்கில்லை என்பதைக் கவனித்து, அவர் நிரப்புபொருளையே எடுத்துவிட்டார். மேலே வாயுவையும் நீரையும் கசடையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஒரு மூடியை மட்டும் வைத்தார். பிரேடா நகரில் சி.எஸ்.எம். நிறுவனத்தின் சர்க்கரை ஆலையில் வைத்திருந்த 6 கன மீட்டர் சோதனைத் தொட்டியில்தான் 1976இல் குருணைகள் முதன்முதலாகக் கண்ணில் பட்டன. அடுத்த சில ஆண்டுகளிலேயே 200 கன மீட்டர் தொட்டி ஓடியது. இத்தனைக்கும் தென்னாப்பிரிக்காவில் முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்த கிளாரிஜெஸ்டர் என்ற காற்றில்லாத் தொட்டிகளின் கசடிலும் குருணைகள் இருந்தது பிற்பாடு தெரியவந்தது. அதுவரை யாரும் அதைப் பொருட்படுத்தி எழுதிவைக்கவில்லை. லெட்டிங்கா இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கிக்கொள்ளவில்லை. இன்று பிரேசில், கொலம்பியா, இந்தியா என்று எங்கும் சின்ன ஆலைகள்கூட யாருக்கும் உரிமைத்தொகை கட்டாமல் இந்தத் தொட்டியைக் கட்டிக்கொள்ள முடிகிறதென்றால் அந்த முடிவுக்கும் அதில் பங்குண்டு. 2007இல் டைலர் பரிசும் 2009இல் சிங்கப்பூரின் லீ குவான் யூ நீர்ப் பரிசும் அவருக்குக் கிடைத்தன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் மரியாதைக்குரிய பெயர் அது.

சரி, குருணை என்றால் என்ன? நன்றாக ஓடும் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டரிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை, ஓரளவு உருண்டையாக, விளிம்பு தெளிவாகத் தெரியும் துகள்கள். பெரும்பாலும் கறுப்பு, அது இரும்பு சல்பைடின் நிறம். சில ஆலைகளில் சாம்பல் நிறமாகவும் வெளிர் பழுப்பாகவும் இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாக அழுத்தினால் ரப்பர் போல வளைந்து கொடுக்கும். இன்னும் அழுத்தினால் பிளக்கும். சேறு அப்படியில்லை, தொட்டதும் விரலில் பூசிக்கொள்ளும். குருணையை பிளேடால் இரண்டாக வெட்டிக் கைலென்ஸில் பார்த்தால் உள்ளே நிறம் மாறுவது தெரியும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், மேற்பரப்பில் வாயு வெளியேறும் சின்னச் சின்னத் துளைகளையும், உட்புறத்தில் மூங்கில் கணுபோல் அடுக்கடுக்கான செல்களைக் கொண்ட மெத்தனோத்ரிக்ஸ் இழைகளையும் படம் பிடித்திருக்கிறார்கள்.

உள்ளே யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை 1990இல் மக்லியாட், கியோ, காஸ்டர்டன் மூவரும் ஒரு மாதிரியாக முன்வைத்தார்கள். சர்க்கரை ஊட்டப்பட்ட குருணையில் வெளி அடுக்கில் அமிலம் தயாரிக்கும் பாக்டீரியா, நடு அடுக்கில் ஹைட்ரஜன் தருபவையும் அதை உண்பவையும், மையத்தில் மெத்தனோத்ரிக்ஸ். 1999இல் ஜப்பானின் நாகவோகாவில் செகிகுச்சியும் ஹராடாவும் அவர்களது குழுவினரும் ஒளிரும் மரபணுக் குறிகளை வைத்துக் குருணையின் குறுக்குவெட்டைப் பார்த்தபோது, வெளியே பாக்டீரியா, உள்ளே ஆர்க்கியா என்ற அடுக்கு கண்ணெதிரே தெரிந்தது. ஆனால் இது எல்லாக் கழிவுநீருக்கும் பொதுவானதல்ல. மாவுச்சத்தும் சர்க்கரையும் வேகமாக உடைபடும் என்பதால் அதை உண்பவை வெளியிலேயே பிடித்துக்கொள்கின்றன. புரதம் மெதுவாக உடைபடுவதால் அது உள்ளே வரை ஊறிவிடும். அங்கே அடுக்குகள் அவ்வளவு தெளிவாக இருக்காது. உங்களுடையது மாவு நீர், எனவே அடுக்குக் குருணைதான் எதிர்பார்க்க வேண்டும்.

இந்த நெருக்கம் இல்லாவிட்டால் வேதியியலே நடக்காது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. புரோபியோனிக் அமிலத்தை அசிட்டேட்டாக உடைக்கும் வினைக்கு, வழக்கமான செறிவு நிலைகளில், ஒரு மோலுக்கு 76 கிலோஜூல் ஆற்றல் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். அதாவது தானாக நடக்காது. ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால்தான் அந்த வினை ஆற்றல் தரும் வினையாகத் திரும்பும். ஹைட்ரஜனை உண்டு அதை அவ்வளவு கீழே வைத்திருக்க, பக்கத்திலேயே ஒருவர் வேண்டும். பக்கத்தில் என்றால் சில மைக்ரான் தூரத்தில். தூரம் இரண்டு மடங்கானால் ஹைட்ரஜன் கைமாறும் வேகம் பாதியாகிவிடும். சேற்றில் அலைந்து திரியும் செல்களுக்கு இந்த அண்மை எப்போதாவது வாய்க்கும்; குருணையில் அது நிரந்தரம். உங்கள் வெளிநீரில் (தொட்டியிலிருந்து வெளியேறும் நீரில்) புரோபியோனிக் குறையவே மாட்டேன் என்று நின்றால் இந்தக் கூட்டாளிகள் இன்னும் சேரவில்லை என்று பொருள்.

எப்படித் தொடங்குகிறது என்பதில் ஒரே விளக்கம் கிடையாது. தொட்டியைத் தொடங்க ஊற்றும் விதைக் கசடில் இருக்கும் மணல் துணுக்கோ நார்த்துணுக்கோ மையமாகி அதைச் சுற்றி நுண்ணுயிர் படியும் என்பது பழைய கருத்து. கால்சியம் போன்ற இரட்டை மின்னேற்ற அயனிகள், எதிர்மின்னேற்றம் கொண்ட இரண்டு செல் மேற்பரப்புகளுக்கு நடுவே நின்று இணைக்கின்றன என்பது இன்னொன்று. 1987இல் வெளிவந்த ஸ்பகெட்டி கோட்பாடு, மெத்தனோத்ரிக்ஸ் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு முதல் பந்தாகின்றன என்கிறது. அதே ஆண்டு கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் மாரே குழு வேறொன்று சொன்னது: ஹைட்ரஜன் மிகுதியாகவும் நைட்ரஜன் தாராளமாகவும் சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் மட்டும் குறைவாகவும் இருக்கும்போது, ஹைட்ரஜன் உண்ணும் ஒரு மெத்தனோபாக்டீரியம் மிச்சமான அமினோ அமிலங்களைப் பசையாக வெளியே தள்ளுகிறது, அதில்தான் மற்றவை ஒட்டுகின்றன என்று. ஒவ்வொன்றுக்கும் சான்று இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் விதிவிலக்கும் இருக்கிறது. தொட்டியை ஓட்டுபவருக்குப் பயன்படுவது இவை எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் எளிய கருத்து ஒன்றுதான். 1980களின் தொடக்கத்தில் வாகனிங்கனின் ஹுல்ஷாஃப் போல் எழுதிய தேர்வு அழுத்தம்.

அது இதுதான். களத்தில் நெல் தூற்றும்போது காற்று பதரைக் கொண்டுபோய் மணியை விட்டுவைப்பதுபோல, மேலேறும் நீரும் வாயுவும் லேசான கசடை வெளியே கொண்டுபோகின்றன. கனமானது அடியில் தங்குகிறது. உணவு அளவாகத்தான் வருகிறது. லேசான கசடும் உள்ளேயே இருந்தால் உணவு இரண்டுக்கும் பங்காகிவிடும், அடியில் இருக்கும் சின்னக் கனத் துணுக்கு வளரவே வளராது. லேசானது போய்விட்டால் முழு உணவும் அந்தத் துணுக்கின் மேல் வந்து விழும். புதிய செல்கள் தனியாகப் பிறக்காமல் அதன்மேலேயே பிறக்கும். துணுக்கு பருத்து, ஒரு கட்டத்தில் உடைந்து, உடைந்த ஒவ்வொரு துண்டும் புதுக் குருணைக்குக் கருவாகும். நீங்கள் வைத்திருக்கும் பம்ப் இந்தத் தேர்வைத் தினமும் அழித்துக்கொண்டிருக்கிறது.

ஹுல்ஷாஃப் போல் இதை மூன்று கட்டமாகப் பிரித்தார். சுமை, ஒரு கன மீட்டர் தொட்டிக்கு ஒரு நாளைக்கு 2 கிலோ சி.ஓ.டி. வரை இருக்கும்போது கசடுப் படுகை உப்பி விரியும், நுண்துகள்கள் வெளியேறும். 2க்கும் 5க்கும் இடையில் வெளியேற்றம் மிக அதிகமாகும்; உள்ளே இருக்கும் மொத்தக் கசடு குறைந்துகொண்டே போய் ஒரு நாள் அடிமட்டத்தைத் தொடும். முதல் குருணைகள் அப்போதுதான் தெரிய ஆரம்பிக்கும். 5க்கு மேலே குருணை வளர்வது வெளியேற்றத்தை மிஞ்சிவிடும், கசடு மறுபடி கூடும். உங்கள் கணக்கைப் போடுவோம். 300 கன மீட்டர் நீர், 4 கிலோ வீதம், ஒரு நாளைக்கு 1,200 கிலோ சி.ஓ.டி. தொட்டி 300 கன மீட்டர். ஆக சுமை 4 கிலோ. நீங்கள் சரியாக இரண்டாம் கட்டத்தின் நடுவில் நிற்கிறீர்கள். கசடு போகிறதே என்று பயந்து திருப்பி ஊற்றத் தோன்றும் கட்டமும் இதுதான், ஊற்றக் கூடாத கட்டமும் இதுதான்.

ஆனால் எது போகிறது என்று பார்த்தாக வேண்டும். வெளிநீரை ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் பிடித்து வையுங்கள். பஞ்சு பஞ்சாக, பத்து நிமிடம் ஆகியும் முழுசாக இறங்காமல் நின்றால் அது போக வேண்டியதுதான். ஒரு நிமிடத்துக்குள் அடியில் கொட்டிவிடும் துகள்கள் அதில் இருந்தால் அது இழக்கக் கூடாத சரக்கு. மேலே வாயு பிரிக்கும் மூடியில் ஏதோ கோளாறு, அல்லது தொட்டி நுரைக்கிறது. அதே சோதனையை அடிக்குழாய் மாதிரியிலும் வாரம் ஒருமுறை செய்யுங்கள். கெட்டியான கசடை அப்படியே ஊற்றினால் துகள்கள் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கும். சில சொட்டுகளை மட்டும் குடுவை நிறையத் தெளிந்த நீரில் விட்டுப் பாருங்கள். குடுவையின் உயரம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். அதை அரை நிமிடத்தில் கடக்கும் துகள் மணிக்கு 40 மீட்டர் வேகத்தில் அமிழ்கிறது என்று அர்த்தம். மாதிரியைக் குழாய் வழியாக மட்டும் எடுங்கள். மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கவோ உள்ளே இறங்கவோ யாரையும் விடாதீர்கள்; உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு மூச்சு இழுத்த இழுப்பில் ஆளைச் சாய்த்துவிடும்.

அடுத்தது வேகம். தொட்டியின் பரப்பு 60 சதுர மீட்டர். மணிக்கு 12.5 கன மீட்டர் நீர் உள்ளே வருகிறது. மேலேறும் வேகம் மணிக்கு 0.2 மீட்டர்தான். இந்த வேகத்தில் சேறும் தங்கும், குருணையும் தங்கும், தேர்வு நடக்காது. குறைந்தது 0.5 மீட்டருக்குக் கொண்டுவர மொத்தம் 30 கன மீட்டர் ஓட வேண்டும், அதாவது தெளிந்த வெளிநீரிலிருந்து மணிக்கு 17.5 கன மீட்டரை உள்வரும் நீரோடு கலந்து திரும்ப விட வேண்டும். திரும்ப வருவது தெளிந்த நீராக இருக்கட்டும், கசடாக இருக்க வேண்டாம். ஒரேயடியாக ஏற்றாமல் சில வாரங்களில் படிப்படியாக ஏற்றுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. வெளிநீரில் பைகார்பனேட் காரத்தன்மை இருக்கும். அது புளித்த மாவு நீரைத் தணிக்கும். நீங்கள் கொட்டும் சுண்ணாம்பு குறையும். அடியில் நீர் பிரியும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இரண்டு சதுர மீட்டருக்கு ஒன்று என்ற அளவிலாவது இருக்க வேண்டும். ஒரே மூலையில் ஊற்றினால் நீர் தனக்கென்று ஒரு வழி போட்டுக்கொண்டு மேலேறிவிடும், மீதிக் கசடு பட்டினி கிடக்கும்.

வேகத்தை ஏற்றும் அதே நேரத்தில் சுமையையும் ஏற்றிவிடாதீர்கள். தொட்டியில் கன மீட்டருக்கு 10 கிலோ உயிர்க்கசடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3,000 கிலோ. ஒரு கிலோ கசடு ஒரு நாளைக்கு 0.4 கிலோ சி.ஓ.டி.யைச் சமாளிக்கிறது. சேற்றுக் கசடுக்கு இது ஏற்கெனவே எல்லையில் இருக்கும் வேலை. கசடு வெளியேறும் வாரங்களில் இந்தச் சுமை இன்னும் கூடும். வெளிநீரில் வி.எஃப்.ஏ. (அசிட்டிக், புரோபியோனிக் போன்ற ஆவியாகும் கொழுப்பமிலங்கள்) லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் இருக்கும் வரை சரி. அது ஏறத் தொடங்கினால், வி.எஃப்.ஏ.வைக் காரத்தன்மையால் வகுத்து வரும் எண் 0.3ஐத் தாண்டினால், உள்வரும் நீரைக் குறைத்துக்கொண்டு காத்திருங்கள். இது பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை. அசிட்டேட் குறைவாக இருக்கும் இடத்தில்தான் மெத்தனோத்ரிக்ஸ் ஜெயிக்கும், அதற்குக் குறைந்த செறிவிலேயே உணவைப் பிடிக்கத் தெரியும். அசிட்டேட் மிகுந்து கிடந்தால் வேகமாக வளரும் மெத்தனோசார்சினா முந்திக்கொள்ளும். அது கட்டிகட்டியாகத் திரளுமே தவிர, இழைகளால் பின்னிய உறுதி அதில் இருக்காது.

உங்கள் கழிவுநீரின் தன்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரவள்ளிப் பால் வடித்த நீரில் நுண்ணிய திப்பியும் மாவும் கலந்துவரும். இவை படுகையில் தங்கி, குருணைக்கு இருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். முன்னால் ஒரு தெளியும் தொட்டி கண்டிப்பாக வேண்டும், அதில் படிவதை வாரம் தவறாமல் அள்ளியெடுங்கள். அப்புறம் புளிப்பு. மாவு நீர் புளிக்காமல் நேரே உள்ளே போனால், அமிலம் தயாரிக்கும் பாக்டீரியா குருணையின் மேல் பஞ்சுபோல வளர்ந்து அதைக் கனமற்றதாக்கிவிடும்; மீத்தேன் கூட்டத்தைவிட அவற்றின் விளைச்சல் பல மடங்கு அதிகம். முழுக்கப் புளித்துவிட்டாலும் நல்லதல்ல, குருணையை ஒட்டவைக்கும் பசையில் கணிசமான பங்கு இந்த அமிலக் கூட்டம் கொடுப்பது. முன்தொட்டியில் பாதியளவு வரை புளிக்கவிட்டு அனுப்புவது நல்லது. மரவள்ளியில் இயற்கையாகவே இருக்கும் சயனைடு மீத்தேன் கூட்டத்துக்கு விஷம்தான், ஆனால் சிறிது சிறிதாக வந்தால் அவை பழகிக்கொள்ளும். திடீரென்று செறிவான நீரை ஒரு நாள் விடுவதுதான் ஆபத்து.

சுண்ணாம்பில் கை தாராளமாக இருக்கிறது என்று நினைக்கிறேன், பெரும்பாலான ஆலைகளில் அப்படித்தான். லிட்டருக்கு 150 முதல் 300 மில்லிகிராம் வரை கால்சியம் குருணை கட்ட உதவுகிறது என்பது சோதனைகளில் தெரிந்த விஷயம். அதற்கு மேலே போனால் கால்சியம் கார்பனேட் குருணைக்குள்ளேயே படிந்து கல்லாகும். எடை போட்டால் கனமாக, அமிழும் வேகத்தில் பிரமாதமாக இருக்கும். ஆனால் உள்ளே உயிர் இருக்காது. காரம் வேண்டிய இடத்தில் சோடா உப்பையும் வெளிநீர் மறுசுழற்சியையும் வைத்துக்கொண்டு சுண்ணாம்பைக் குறையுங்கள். மாவு நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவாக இருக்க வாய்ப்புண்டு, ஒருமுறை ஆய்வகத்தில் பார்த்துவிட்டு யூரியாவும் டி.ஏ.பி.யும் சேருங்கள். இரும்பு, நிக்கல், கோபால்ட் மூன்றும் மிகச் சிறிய அளவில் அவசியம். மீத்தேன் உண்டாக்கும் கடைசி நொதியின் மையத்தில் இருப்பதே நிக்கல்தான்.

குருணையை வாங்கிப் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். காகித ஆலைகளிலும் பீர் ஆலைகளிலும் உபரிக் குருணை கிடைக்கும். உலகம் முழுக்க அது விலைக்குப் போகும் சரக்கு. தொட்டி நிறைய வாங்க வேண்டியதில்லை, கொஞ்சம் போட்டாலும் அது கருவாக நின்று உங்கள் கசடைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும், காத்திருப்பு குறையும். ஆனால் அதே 0.2 மீட்டர் வேகமும் அதே கசடுப் பம்பும் தொடர்ந்தால் வாங்கிய குருணையும் பஞ்சு பூத்து உதிர்ந்துவிடும். முதலில் ஓட்டும் முறையை மாற்றுங்கள், வாங்குவது பிறகு. சாணத்தில் தொடங்கியது தவறு என்று சொல்லமாட்டேன், வைக்கோல் நாரைச் சல்லடையில் வடிகட்டியிருந்தால் போதும். நகராட்சிக் கழிவுநீர் நிலையத்தின் டைஜெஸ்டர் கசடு அதைவிட நல்ல விதை. சாதாரண விதையிலிருந்து குருணை கட்ட ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆவது சகஜம். ஐந்து மாதத்தில் கட்டவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

குருணை இல்லாவிட்டால் யு.ஏ.எஸ்.பி. ஓடாது என்றும் நினைத்துவிடாதீர்கள். கங்கைச் செயல்திட்டத்தில் நெதர்லாந்தின் உதவியோடு கான்பூரின் ஜாஜ்மாவில் 1989இல் ஒரு நாளைக்கு 50 லட்சம் லிட்டர் கொள்ளளவில் ஒரு தொட்டி ஓடத் தொடங்கியது. யமுனைச் செயல்திட்டத்திலும் பல இடங்களில் கட்டினார்கள். வீட்டுக் கழிவுநீர் நீர்த்தது, அதில் மிதக்கும் திடப்பொருள் அதிகம். அங்கே பெரும்பாலும் சேற்றுக் கசடுதான் வேலை பார்க்கிறது. உங்களைப் போலச் செறிவான, கரைந்த மாவு நீரை வைத்திருப்பவருக்குத்தான் குருணை பெரிய வரப்பிரசாதம். சேற்றை வைத்துக்கொண்டு 4 கிலோ சுமையில் தடுமாறும் அதே தொட்டி, குருணை கட்டியபின் 10 கிலோவை எடுத்துக்கொள்ளும். இப்போதைய சுமையிலேயே 80 சதவீதம் நீங்கினால், ஒரு கிலோ சி.ஓ.டி.க்கு 0.35 கன மீட்டர் வீதம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 330 கன மீட்டர் மீத்தேன் கணக்கு வருகிறது. உங்கள் வாயு மீட்டர் காட்டுவது மீத்தேனும் கரியமில வாயுவும் சேர்ந்த அளவு என்பதை நினைவில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

குருணை கட்டிய பிறகு வரும் தொல்லைகளில் மிதப்பதுதான் பெரிது. ரொம்பப் பெருத்த குருணையின் மையத்துக்கு உணவு போய்ச் சேராது. அங்கே இருப்பவை செத்து உள்ளே பொத்தலாகும், பொத்தலில் வாயு தேங்கும், குருணை மேலே வந்து நிற்கும். மேலே வந்த குருணையை வெட்டிப் பார்த்தால் நடுவில் குழி இருப்பது தெரியும். மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் பெருத்தால் மறுசுழற்சி வேகத்தைக் கொஞ்சம் கூட்டி உரச விடுங்கள். எண்ணெய்ப் பசையும் மிதக்கவைக்கும்; கேன்டீன் கழுவுநீரையும் மெஷின் ஆயிலையும் இந்த வாய்க்காலில் சேர்க்காதீர்கள்.

கிழங்கு சீசன் முடிந்து ஆலை நிற்கும் மாதங்களில் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள் என்று தெரியும். தொட்டியை வடிக்க வேண்டாம். லெட்டிங்காவின் முதல் தொட்டிகளும் இலையுதிர்காலத்தில் தொடங்கிக் குளிர்காலத்தில் முடியும் பீட் சீசனை நம்பித்தான் ஓடின. உணவில்லாமல் மாதக்கணக்கில் கிடந்த குருணைகள் மறு சீசனில் எழுந்து வேலை செய்தன. கசடு மூழ்கியிருக்கும்படி நீரை அப்படியே விட்டு, காற்றுப் புகாமல் வால்வுகளை மூடி வையுங்கள். மறுபடி தொடங்கும்போது பழைய சுமையில் நான்கில் ஒரு பங்கில் ஆரம்பித்து, வி.எஃப்.ஏ.வைப் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். சாணத்தில் தொடங்கியபோது மாதக்கணக்கில் ஆனது இந்த முறை சில வாரங்களில் முடிந்துவிடும்.